குச்சிக் கணக்கு

ஐஸ் கம்பெனி அண்ணனுக்குப் பவுலிங்கில் ஒரு கொள்கை உண்டு. ஸ்டம்ப் பறந்தால்தான் அது அவர் எடுத்த விக்கெட். கேட்ச்சில் அவுட்டானால், "அத்த புடிச்சவன் பேர்ல எழுதிக்கோடா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்து போடத் திரும்பி நடந்துவிடுவார். எல்.பி.டபிள்யூ எங்கள் ஆட்டத்தில் கிடையாது. அம்பயராக நிற்பவன் எப்போதும் பேட்டிங் கட்சிக்காரன் என்பதால், அந்தச் சட்டத்தைக் கொண்டுவர யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆக, அண்ணன் கணக்கில் ஏறியதெல்லாம் சுத்தமான போல்டு.

எழுபதுகளின் நடுவில் திருவொற்றியூர் குப்பத்துக் கடற்கரையில் அந்தக் கணக்குக்கு நான்தான் பிள்ளை. பேட்டிங் பிடித்தால் எனக்குக் கட்டை போட மட்டும்தான் வரும். பவுலிங் போட்டால் "மாங்கா, மாங்கா" என்று நாலு பக்கமும் கத்துவார்கள். பந்தை எறிபவனுக்கு வடசென்னையில் இன்றும் அதுதான் பட்டம். எதற்கும் உதவாதவனை ஸ்கோரர் ஆக்கினார்கள். பெரிய கிரிக்கெட் வாரியங்களும் இதே முறையில்தான் ஆள் எடுக்கின்றனவோ என்னவோ.

நோட்டு வாங்கக் காசு கிடையாது. நைனாவுக்குத் தீப்பெட்டி கம்பெனியில் வேலை. மருந்து ஏற்றாத கழிவுக் குச்சி எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கட்டுக்கட்டாக இருக்கும். ஒரு விக்கெட்டுக்கு ஒரு குச்சி. ஆளுக்கொரு பாட்டில். அண்ணனுக்கு மட்டும் பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில். மற்றவர்களுக்கு மருந்துக்கடை பாட்டிலே தாராளம்.

அவர் ஓடிவருவதைப் பார்க்க வேண்டும். காசிமேட்டில் ராத்திரி ஷிப்ட்டு. ஆள் உயர ஐஸ் பாளத்தை இரும்புக் கொக்கியால் இழுத்து, உடைத்து, படகுக்கு அனுப்புகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்து நேராக சைக்கிளில் வந்துவிடுவார். லுங்கியை மடித்துக் கட்டி, உள்ளங்கையை மணலில் தேய்த்து ஈரத்தை எடுப்பார். ராத்திரி முழுக்க ஐஸ் பிடித்த விரல் வெள்ளையாக, சுருங்கிப் போயிருக்கும். அந்த விரலில் டென்னிஸ் பந்தின் ரோமம் கூட உறைக்காது என்பார். அலை நனைத்து இறுகிய மணல்தான் பிட்ச். வெறுங்கால். ஓடிவரும்போது முதுகுப் பக்கம் கடல். பந்து எந்தக் கையில் இருக்கிறது என்று பேட்ஸ்மேன் கண்டுபிடிப்பதற்குள் பின்னால் பனைமட்டை சாய்ந்திருக்கும். ஸ்டம்ப் என்று மரியாதையாகச் சொன்னேனே தவிர, அது பனைமட்டைதான்.

நைனாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. கடற்கரை ஆட்டத்தை அவர் கிரிக்கெட் கணக்கில் சேர்க்கவே மாட்டார். அவருடைய கிரிக்கெட் சேப்பாக்கத்தில் இருந்தது. அதுவும் அவர் இளவட்டமாக இருந்த ஐம்பதுகளின் சேப்பாக்கம். கம்பெனிச் சங்கு ஊதி, வீட்டுக்கு வந்து, குளித்து, திண்ணையில் உட்கார்ந்தாரென்றால் பழைய சீசனை ஆரம்பித்துவிடுவார்.

"1954-55. மெட்ராஸ் மொத மொத ரஞ்சிக் கோப்பைய தூக்குன வருஷம். இந்தூர்ல ஃபைனல். ஹோல்கர் டீம். 46 ரன் வித்தியாசம். கேப்டன் பாலு அழகண்ணன்."

அவர் சொன்ன எண்களைப் பிற்பாடு சரிபார்த்தேன். மெட்ராஸ் 478, 311. ஹோல்கர் 417, 326. கூட்டிக் கழித்தால் 46 சரியாக வருகிறது. அந்த ஃபைனலில் ஏ.ஜி. கிருபால் சிங் 75, 91 என்று அடித்ததோடு 7 விக்கெட்டும் எடுத்தார். சீசன் முழுக்க அவர் எடுத்தது 636 ரன், 13 விக்கெட். பதின்மூன்று! எங்கள் அண்ணனின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பொங்கலுக்குள் அதைவிட அதிகம் சேர்ந்துவிடும் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நைனா என்னைப் பார்த்த பார்வையில் மருந்து ஏற்றாத குச்சியும் பற்றியிருக்கும்.

அவரிடம் விக்கெட் எடுத்தவர்களின் பட்டியல் ஒன்று தயாராக இருக்கும். முதலில் கிருபாலின் அப்பா ராம் சிங். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். மெட்ராஸும் மைசூரும் மோதி ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது. ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். அப்படிப்பட்டவர் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. அன்று முதல் பந்து போட்ட எம்.ஜே. கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் டூரா என்று வந்தபோது கிரிக்கெட்டுக்குப் போனார். ஹாக்கிக்காரர்கள் தங்கப் பதக்கத்தோடு திரும்பினார்கள். இவருக்கு அந்த டூரில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. அப்புறம் சி.ஆர். ரங்காச்சாரி. போலீஸ்காரர், வேகப்பந்து. 1948-ல் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 5 விக்கெட். "போலீஸ்காரன் ஓடியாந்தா எவன் நிப்பான்?" என்பது நைனாவின் வியாக்கியானம்.

பட்டியலின் உச்சியில் இருந்தவர் மெட்ராஸ்காரரே அல்ல. 1952 பிப்ரவரி, சேப்பாக்கம், இங்கிலாந்து. வினு மன்காட் முதல் இன்னிங்ஸில் 55 ரன்னுக்கு 8, இரண்டாவதில் 53-க்கு 4. இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் வெற்றி. இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் அது. ஆட்டம் தொடங்கிய அன்றுதான் இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ் செத்துப்போன செய்தி வந்தது. "ராஜாவும் போனான், மேட்ச்சும் போச்சு" என்று நைனா சொல்லும்போது சுதந்திரப் போராட்டத்தின் பாதியை அவரே நடத்தியது போல இருக்கும்.

இந்த 55-க்கு 8-ஐ அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "போல்டு எத்தினி?" முதல் இன்னிங்ஸில் நாலு பேரை விக்கெட் கீப்பர் சென் ஸ்டம்பிங் செய்திருக்கிறார். அண்ணன் சட்டப்படி அந்த நாலும் சென்னுக்குப் போய்விடும். மன்காட்டுக்குப் பாதிதான் மிச்சம், அதிலும் கேட்ச்சைக் கழிக்க வேண்டும். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியைக் குப்பத்தில் உட்கார்ந்து பாதியாக அறுத்துவிட்டு, அண்ணன் பீடி பற்றவைத்தார்.

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1958 டிசம்பரில் கான்பூரில் சுபாஷ் குப்தே வெஸ்ட் இண்டீஸின் 9 விக்கெட்டை 102 ரன்னுக்கு எடுத்தார். பத்தாவதும் அவருக்கே வந்திருக்கும். கீப்பர் நரேன் தமானே கேட்ச்சைக் கோட்டைவிட்டார். ஊரான் கையை நம்பினால் இதுதான் கதி. அதே காலத்தில், 1956-57 சீசனில், ஜோர்ஹாட்டில் அஸ்ஸாமுக்கு எதிராக வங்காளத்தின் பிரேமாங்ஷு சாட்டர்ஜி 20 ரன்னுக்குப் பத்தும் எடுத்தார். அவருக்கும் டெஸ்ட் தொப்பி கிடைக்கவில்லை.

அண்ணனின் கொள்கைக்கு உலகத்தில் ஒரு துணை இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது ஒரு கையுறையால். எங்கள் தெருவில் கப்பல்காரர் ஒருவர் இருந்தார். வருஷத்தில் பாதி நாள் கடலில், மீதி நாள் எல்லோருக்கும் சோப்பு, சென்ட்டு விநியோகம். ஒருமுறை அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து தடித்த தோல் கையுறை ஒன்று கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார். பேஸ்பால் கையுறை. ஒரு கைக்குத்தான் இருந்தது. எங்கள் கீப்பர் அதை இடது கையில் மாட்டிக்கொண்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பான்.

பேஸ்பாலில் பந்து போடுபவன் மூன்று நல்ல பந்தில் அடிப்பவனை ஏமாற்றிவிட்டால் அவன் அவுட், அதற்கு ஸ்ட்ரைக் அவுட் என்று பெயர், கீப்பர் மாதிரி ஒருத்தன் பின்னால் பிடிப்பதைத் தவிர வேறு எவன் தயவும் வேண்டாம், அதற்குத் தனிக் கணக்கே வைக்கிறார்கள் என்று கப்பல்காரர் சொன்னார். அண்ணனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியா, அவன் ஆம்பள" என்றார்.

அந்தக் கணக்கின் கதையைப் பின்னாளில் படித்தேன். 1946 சீசனில் கிளீவ்லேண்ட் அணியின் பாப் ஃபெல்லர் 348 பேரை அப்படி அவுட்டாக்கினார். அடுத்த இடத்தில் இருந்த ஹால் நியூஹவுசர் 275. ஃபெல்லர் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு வந்த ஆள். 1904-ல் ரூப் வாடெல் என்பவர் வைத்த சாதனை 343 என்று அப்போது நம்பினார்கள். அதைத் தாண்டத்தான் சீசன் கடைசியில் ஃபெல்லர் மாய்ந்து மாய்ந்து பந்து போட்டார். தாண்டினார், கொண்டாடினார்கள். அப்புறம் யாரோ பொறுமைசாலிகள் பழைய ஆட்டங்களின் ஸ்கோர்களை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், வாடெல் கணக்கு 343 இல்லை, 349. ஒன்று அதிகம். வாடெல் இறந்தது 1914-ல். அவருக்குத் தெரியாமலே அவர் தோற்று, அவருக்குத் தெரியாமலே ஜெயித்துவிட்டார். 1965-ல் சாண்டி கூஃபாக்ஸ் 382, 1973-ல் நோலன் ரையன் 383. இங்கும் ஒன்றுதான் வித்தியாசம்.

எங்கள் ஊர் வி.வி. குமாரை நினைத்துக்கொள்கிறேன். லெக் ஸ்பின்னர். 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்ட்டிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். மொத்தம் ஆடியது இரண்டே டெஸ்ட். முதல்தர ஆட்டங்களில் எடுத்த விக்கெட் 599. அறுநூறு இல்லை, ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. நம் பக்கத்துப் பழைய ஸ்கோர் புத்தகங்களை யாராவது கூட்டிப் பார்த்தார்களா?

எங்கள் புத்தகத்தைக் கூட்ட முடியாது. அந்த சீசன் முடியும் சமயம், ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லாத ஒரு விடிகாலையில், அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்திருக்கிறார். நன்றாகக் காய்ந்த குச்சி. அண்ணனின் முழு சீசனும் ஒரு பானைக் கஞ்சிக்கு எரிந்தது. மீந்த சாம்பலில் அம்மா பாத்திரமும் துலக்கிவிட்டார். நான் அலறியதைப் பார்த்து, "குச்சிதானடா, உங்க நைனா சாயங்காலம் கொண்டாருவாரு" என்றார். அண்ணனிடம் போய்ச் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "உடு. அவுட்டானவனுக்குத் தெரியுமில்ல" என்றார். பதிவேடு பற்றி இதைவிடத் தெளிவான கருத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

அண்ணனுக்கு ஒரே ஒருமுறை வாசல் திறந்தது. ஒரு கம்பெனி, லீக் அணிக்கு ஆள் எடுத்தது. அந்தக் காலத்தில் பந்து போடத் தெரிந்தால் வேலை கிடைக்கும். எம்.ஜே. கோபாலனே பர்மா ஷெல் ஜான்ஸ்டன் கண்ணில் பட்டு அங்கே வேலையில் சேர்ந்தவர்தான். அண்ணன் போனார். முதல் பந்திலேயே நடு ஸ்டம்ப் போனது. தேர்வு செய்ய வந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "வெள்ளை பேன்ட் இருக்கா? ஷூ?" என்று கேட்டார். இல்லை. வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் மீன்பாடு நன்றாக இருந்தது. ஐஸ் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. ஒரு வேகப்பந்து வீச்சாளரின் தொழில்முறை வாழ்க்கை, வஞ்சிரத்தால் முடிந்தது.

இப்போதைய காலத்துக்கு வருவோம். அண்ணன் ஓடிவந்த இடத்தில் இன்று கருங்கல் கிடக்கிறது. கடல் ஊருக்குள் வராமல் இருக்கக் கொட்டிய கல். இதற்குக் காரணம் பழசு. இந்தக் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்ததும் அது தெற்கிலேயே நின்றுவிட்டது. நின்ற மணல் மெரினாவை அகலமாக்கியது. கிராண்ட் டஃப் என்ற கவர்னர் 1880களில் அதற்கு நடைபாதை போட்டுப் பெயரும் வைத்தார். வரவேண்டிய மணல் வராத வடக்கில் கடல் தின்றுகொண்டே போனது. மெரினாவில் இன்று டென்னிஸ் பந்து ஆடும் பையன்கள் எங்கள் பிட்ச்சின் மேல்தான் ஆடுகிறார்கள். சேப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே நம் மணல் போய்ச் சேர்ந்துவிட்டது, நாம்தான் சேரவில்லை. சினிமாவில் மட்டும் சேர்ந்தோம்: 2007-ல் வந்த 'சென்னை 600028'-ல் ராயபுரம் ராக்கர்ஸ் என்று நம்மவர்களுக்கும் ஒரு டீம் கொடுத்தார்கள்.

வேகப்பந்துக்கும் திருவொற்றியூருக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1946-ல், ஃபெல்லர் 348 எடுத்த அதே வருஷம், மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். அப்புறம் டிரெட் ரப்பர், 1961 வாக்கில் டயர். 1987-ல் அந்தக் கம்பெனி வேகப்பந்துப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியைக் கூட்டிவந்தது. அங்கே படித்தவர்களில் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் உண்டு. வேகப்பந்து கற்கப் போன சிறுவன் சச்சினை லில்லி பேட்டிங்கைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். பிற்பாடு அதே சச்சினின் மட்டையில் எம்.ஆர்.எஃப் ஸ்டிக்கர் ஒட்டி, நாட்டிலுள்ள எல்லாப் பையன்களும் அந்த எழுத்துகளைச் சிவப்பு பெயின்ட்டால் தங்கள் மட்டையில் எழுதிக்கொண்டார்கள். பள்ளி இருப்பது சேத்துப்பட்டில். அங்கே மைதானம் இருந்தது. இங்கே டயர் இருந்தது.

என் கூடப்பிறந்த அண்ணனின் பேரன் இங்கேயே ஆடுகிறான். கடற்கரையில் அல்ல, டர்ஃபில். பச்சைப் பாய் விரித்து நாலு பக்கமும் வலை கட்டிய இடம். மணிக்கு வாடகை, ஆளுக்கு இவ்வளவு என்று ஜிபேயில் பிரித்துக்கொள்கிறார்கள். போனில் ஸ்கோர் ஆப் இருக்கிறது. அவன் போட்ட ஒவ்வொரு பந்தும், கொடுத்த ஒவ்வொரு வைடும் பதிவாகி, வாழ்நாள் விக்கெட், எகானமி எல்லாம் ஒரு தட்டலில் வருகிறது. எந்த அம்மாவும் எரிக்க முடியாத கணக்கு.

"எவ்ளோ தூரம் ஓடிவருவ?" என்று கேட்டேன்.

"ரன்-அப்பா? செவுரு இருக்கே தாத்தா. ரெண்டு ஸ்டெப்தான்."

எண்ணுவதற்கு எல்லா வசதியும் வந்துவிட்டது, ஓடுவதற்கு இடம் போய்விட்டது. அவனைக் குறை சொல்லவில்லை. பெரிய ஆட்டத்திலும் பவுலர் நிலைமை இப்படித்தான். ஐ.பி.எல்.லில் அதிக விக்கெட் எடுத்தவருக்கு ஊதாத் தொப்பி. 2013-ல் சென்னை அணியின் டுவைன் பிராவோ 32 விக்கெட்டோடு அதைப் போட்டுக்கொண்டார். 2021-ல் ஹர்ஷல் படேலும் அதே 32. நாலு ஓவருக்கு மேல் போட விடாமல் கையைக் கட்டிவிட்டு, தலைக்குத் தொப்பி கொடுக்கிறார்கள்.

2023 பிளே-ஆஃப் ஆட்டங்களில் இன்னொரு புதுமை வந்தது. ரன் போகாத ஒவ்வொரு பந்துக்கும் 500 மரக்கன்று நடுவதாக அறிவித்தார்கள். டிவியில் டாட் பாலுக்குப் பதில் குட்டி மரம் முளைக்கும். மணலியிலும் எண்ணூரிலும் மூச்சு விட்டுக்கொண்டு அதைப் பார்த்தபோது எனக்கு எழுந்த கோரிக்கை சின்னது: யாராவது ஒரு நல்ல பவுலர் எங்கள் பக்கம் வந்து ஒரு மெய்டன் ஓவர் போட்டுவிட்டுப் போங்கள். 3,000 கன்று. அண்ணன் உடம்பு நன்றாக இருந்த காலமாக இருந்தால் வெளியாள் தேவைப்பட்டிருக்காது, எண்ணூர் காடாகியிருக்கும்.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சங்குக்கு எழுந்து வேலைக்குப் போன தீப்பெட்டி கம்பெனியின் பெயர் 2021-லிருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்கு இருக்கிறது. விம்கோ நகர் என்று குளிரூட்டிய ரயில் பெட்டிக்குள் அறிவிக்கும்போது குச்சி எதுவும் யாருக்கும் ஞாபகம் வருவதாகத் தெரியவில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, ஒருகாலத்தில் கம்பெனி அணியிலோ தெரு அணியிலோ ஆடியவர்கள் வீட்டில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் பழைய லாங் சைஸ் நோட்டு ஏதாவது கிடந்து, அதில் கட்டம் போட்டுப் பேரும் புள்ளியும் எழுதியிருந்தால், பழைய பேப்பர்காரரிடம் கிலோவுக்குப் போட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். போல்டைத் தனியாக எழுதுங்கள்.